டெக் தூண் வளைந்துவிட்டதா? முதலில் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள்

ஒன்டாரியோவில் வீடு வாங்கிய முதல் வருஷம். சமையலறைக் கதவைத் திறந்தால் கால் வைப்பது நேராக டெக்கில்தான், தரையிலிருந்து ஆறரை அடி உயரம். முந்தைய உரிமையாளர் விற்பதற்காகப் புதிதாகப் போட்டுவிட்டுப் போன டெக் அது. மே மாதம் நேராக நின்ற நடுத்தூண், ஆகஸ்டில் இடுப்பை ஒடித்துக்கொண்டு நின்றது. போதாததற்கு மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்பாதி இன்னொரு பக்கமும் பார்த்தன. அந்தத் தூணை மாற்றும்போது நான் செய்த தவறுகளும் கற்றதும்தான் இந்தக் கட்டுரை. இதுவரை கையில் டிரில் பிடிக்காதவருக்கும் புரியும்படி எழுதப் பார்க்கிறேன்.

டெக் இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டின் பின்சுவரை ஒட்டி மரத்தால் போடும் திறந்த மேடைதான் டெக். அதன் ஒரு பக்கம், வீட்டுச் சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய லெட்ஜர் என்ற பலகையில் உட்காரும். மறுபக்கம் ஒரு நீள உத்திரம் இருக்கும், கடையில் பீம் என்று கேட்க வேண்டும். லெட்ஜருக்கும் உத்திரத்துக்கும் நடுவே வரிசையாக ஓடும் சட்டங்கள் ஜாயிஸ்ட். உத்திரத்தைத் தூண்கள் தாங்குகின்றன, தூண்களை மண்ணுக்குள் இறங்கும் கான்கிரீட் கால்கள் தாங்குகின்றன. தெற்கு ஒன்டாரியோவில் இந்தக் கால் நாலடி ஆழம் போக வேண்டும். அதற்கு மேலே நின்றால், குளிர்காலத்தில் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து உப்பி, காலையே மேலே தள்ளிவிடும்.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காய்ந்து வளைந்த தூணை நிமிர்த்த முடியாது. கயிறு கட்டி இழுக்கலாம், கிளாம்ப் போட்டு நெரிக்கலாம், தண்ணீர் ஊற்றி ஊறவைத்துப் பார்க்கலாம். நான் முதல் இரண்டையும் செய்து பார்த்தேன், ஒரு சனிக்கிழமை வீணானதுதான் மிச்சம். கையில் இருப்பவை மூன்றே வழிகள்: அப்படியே விட்டுவிடுவது, சாய்வு முட்டு போட்டுப் பக்கத்துணை கொடுப்பது, மாற்றுவது. மாற்றும் வேலை கடினமில்லை. இந்த மூன்றில் உங்கள் தூணுக்கு எது என்று முடிவு செய்வதில்தான் சிரமம்.

மரம் ஏன் இப்படிச் செய்கிறது

செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்குத் தூண்கள் நூறு வருஷமாக நூல் பிடித்த மாதிரி நிற்பதைப் பார்த்த கண்ணுக்கு, மூன்றே மாதத்தில் ஒரு தூண் முறுக்கிக்கொள்வது ஏமாற்றம்தான். ஆனால் தேக்கு இயல்பிலேயே குறைவாகச் சுருங்கும் மரம். இங்கே கடையில் கிடைப்பது பைன், ஸ்ப்ரூஸ் வகை. அவற்றைப் பூச்சியும் பூஞ்சையும் அரிக்காமலிருக்க, செம்பு கலந்த மருந்துநீரை அழுத்தத்தில் உள்ளே செலுத்தி, பெரும்பாலும் சொட்டச் சொட்ட அப்படியே விற்கிறார்கள். புதிதாக வாங்கிய தூணைத் தூக்கிப் பார்த்தாலே அந்தக் கனம் தெரியும்.

மரத்தின் ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் அது சுருங்கத் தொடங்குகிறது. அந்தச் சுருக்கமும் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இராது. வளைய ரேகை ஓடும் திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப் போலச் சுமார் இரண்டு மடங்கு. நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை. ஆனால் மரத்தின் நட்டநடுவில் இருக்கும் இளம் பாகம் மட்டும் நீளவாக்கிலும் கொஞ்சம் சுருங்கும். தூணின் ஒரு பக்கத்தில் அந்த நடுப்பாகம் ஒதுங்கியிருந்தால் அந்தப் பக்கம் குட்டையாகி, தூண் வில்லாக வளையும். மரம் வளரும்போதே நார் திருகித் திருகி ஏறியிருந்தால், காயும்போது தூண் முறுக்கும். மேற்கு வெயில் ஒரு முகத்தில் மட்டும் விழுந்தால் கேட்கவே வேண்டாம். என் தூணில் இந்த மூன்றும் சேர்ந்திருந்தன.

வெடிப்பைக் கண்டு பயப்படாதீர்கள். தூணின் நீளத்துக்கு ஓடும் கோடு போன்ற பிளவுகள் காய்வதன் அடையாளம்தான். பென்சில் நுழையும் அளவு திறந்தாலும் நேர்ப்பாரம் தாங்குவதை அவை பெரும்பாலும் பாதிப்பதில்லை. ஒரு முகத்தில் தொடங்கி எதிர் முகம் வரை ஊடுருவிப் போனால்தான் கவலை.

வளைந்தது தூண்தானா?

புதியவர்கள் தவறுவது இங்கேதான். தூண் கோணலாகத் தெரிந்தால் மரத்தின்மேல் பழி போடுகிறோம். சில நேரம் தூண் நேராகவே இருக்கும், நிற்கும் இடம்தான் நகர்ந்திருக்கும்.

முதல் வேலை: உத்திரத்தின் அடியில் ஓர் ஆணி அடித்து, தூணின் ஒரு முகத்தை ஒட்டித் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். தூக்குக்குண்டு இல்லையென்றால் நூலில் ஒரு பெரிய நட்டைக் கட்டினால் போதும். ஆட்டம் நின்றதும், நூலுக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளியை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். அப்புறம் பக்கத்து முகத்திலும் இதையே செய்யுங்கள். ரசமட்டம் வைத்துப் பார்ப்பதைவிட இது நம்பகமானது. வளைந்த தூணில் ரசமட்டத்தை எங்கே வைக்கிறீர்களோ அதற்கேற்ப ஒரு கதை சொல்லும்.

மேலும் கீழும் ஒரே அளவு, நடுவில் மட்டும் வித்தியாசம் என்றால் தூண் வளைந்திருக்கிறது. மேலிருந்து கீழே அளவு சீராகக் கூடிக்கொண்டோ குறைந்துகொண்டோ போனால் தூண் சாய்ந்திருக்கிறது. இது வேறு நோய். கான்கிரீட் கால் நகர்ந்திருக்கலாம், அல்லது டெக் முழுதுமே ஒரு பக்கமாக அசைந்திருக்கலாம். மேலே ஒருவரை நிற்கவைத்து இடவலமாக உடம்பை ஆட்டச் சொல்லுங்கள். டெக் கூடவே ஊஞ்சல் போல அசைந்தால், தூணையும் உத்திரத்தையும் சாய்வாக இணைக்கும் பலகைகள், அதாவது சாய்வு முட்டுகள், இல்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் தூணை மட்டும் மாற்றினால், புதுத் தூணும் அதே பக்கம் சாயும்.

முறுக்கைப் பார்க்க ஒரு சுலப வழி உண்டு. இரண்டு நேரான குச்சிகளை எடுத்து, ஒன்றைத் தூணின் மேல்முனையிலும் மற்றதை அடியிலும் ஒரே முகத்தில் கிடைமட்டமாகப் பிடித்துவையுங்கள். தூணுக்கு அடியில் குனிந்து மேல்நோக்கிப் பார்த்தால், இரண்டு குச்சிகளும் எவ்வளவு கோணத்தில் விலகுகின்றன என்பது பளிச்சென்று தெரியும்.

அப்படியே ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தூணின் அடியிலும், உத்திரம் தொடும் இடத்திலும், போல்ட்டுகளைச் சுற்றியும் குத்துங்கள். நல்ல மரம் முனையை எதிர்க்கும். கால் அங்குலத்துக்கு மேல் கேக்கில் இறங்குவதுபோல இறங்கினால் உள்ளே மக்கியிருக்கிறது. மக்கிய தூணுக்கு வளைவுக் கணக்கே வேண்டாம், மாற்றிவிடுங்கள். சுவரோரம் இருக்கும் லெட்ஜரையும் ஒரு பார்வை பாருங்கள். அது சுவரைவிட்டு விலகி இடைவெளி தெரிந்தாலோ, கான்கிரீட் கால் சாய்ந்திருந்தாலோ இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

விடுவதா, மாற்றுவதா

கொஞ்சம் கணக்கு போடுவோம். சுவரிலிருந்து 10 அடி நீண்டு, 12 அடி அகலத்தில் ஒரு டெக், வெளி ஓரத்தில் மூன்று தூண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 அடியில் பாதியை லெட்ஜரும், 12 அடியில் பாதியை ஓரத்தூண்களும் வாங்கிக்கொள்வதால், நடுத்தூண் சுமக்கும் பரப்பு 5 அடிக்கு 6 அடி, அதாவது 30 சதுர அடி. ஆட்கள், பொருள்களுக்குச் சதுர அடிக்கு 40 பவுண்டு, மரத்தின் சொந்த எடைக்கு 10 பவுண்டு என்பது வழக்கமான கணக்கு. மொத்தம் 1,500 பவுண்டு, ஏறக்குறைய 680 கிலோ. உத்திரம் இடையில் வெட்டாமல் ஒரே நீளமாக ஓடினால் நடுத்தூணின் பங்கு இன்னும் கால்வாசி கூடும். பனி அதிகம் விழும் ஊரில் அதற்கும் மேலே போகும்.

இந்தப் பாரம் தூணின் நட்டநடுவே இறங்கும்வரை கவலை இல்லை. தூண் வளையும்போது பாரம் இறங்கும் கோடு ஓரத்துக்கு நகர்கிறது. கல் தூணுக்கும் சுவருக்கும் பொருந்தும் பழைய விதி ஒன்று உண்டு: பாரம் குறுக்களவின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் விழ வேண்டும். மரம் அதைவிடக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் என்றாலும் நான் அதையே அளவுகோலாக வைத்திருக்கிறேன். கடையில் 4க்கு 4 என்று விற்கும் தூணின் உண்மை அளவு மூன்றரை அங்குலம். அதில் நடுக்கோட்டிலிருந்து அரை அங்குலத்துக்குச் சற்று மேலே போனாலே எல்லை தாண்டிவிடும். 6க்கு 6 என்பது உண்மையில் ஐந்தரை அங்குலம், அதற்கு முக்கால் அங்குலத்துக்கு மேல் போகும்வரை இடம் உண்டு.

என் தீர்ப்பு இதுதான். 4க்கு 4 தூணில் நடு வளைவு கால் அங்குலத்துக்குள் இருந்து, மேலும் கீழும் முழு முகமும் பதிந்திருந்தால் விட்டுவிடுங்கள். அரை அங்குலத்தை எட்டினால் மாற்றுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் சாய்வு முட்டு கொடுத்துவிட்டு, தேதி போட்டு அளவை எழுதிவைத்து, அடுத்த கோடையில் மறுபடி அளந்து பாருங்கள். வெறும் முறுக்கு மட்டும் என்றால், பெரும்பாலும் கண்ணுக்குத்தான் கேடு. ஆனால் முறுக்கிய தூண் மேலே உத்திரத்தையோ தூணின் அடியைக் கான்கிரீட்டோடு பிடித்திருக்கும் இரும்புக் காலணியையோ திருகி, போல்ட்டைச் சுற்றி மரத்தைப் பிளக்கத் தொடங்கினால் மாற்ற வேண்டியதுதான்.

மாற்றுவதென்று முடிவானால் 4க்கு 4-ஐ விட்டு 6க்கு 6-க்குப் போங்கள். விலை வித்தியாசம் ஒரு குடும்பச் சாப்பாட்டுச் செலவு, வளைவை எதிர்க்கும் விறைப்போ ஆறு மடங்கு. பல நகராட்சிகளும் உயரமான டெக்குக்கு அதைத்தான் கேட்கின்றன. நகராட்சி என்றதும் ஞாபகம் வருகிறது: டொராண்டோவில் தரையிலிருந்து 60 சென்டிமீட்டருக்கு மேலே நிற்கும் டெக்குக்கு அனுமதி வேண்டும். தூண் மாற்றுவதற்கும் வேண்டுமா என்பதை உங்கள் ஊர் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். கால் தோண்ட வேண்டிவந்தால் ஒன்டாரியோ ஒன் கால் சேவையைக் கூப்பிட்டு, கேஸ், மின்சாரக் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று குறிக்கச் சொல்ல வேண்டும். கட்டணம் கிடையாது, சட்டப்படி கட்டாயம்.

தூண் வாங்கப் போகும்போது

அவசரப்படாதீர்கள். அடுக்கில் மேலே கிடப்பதை எடுக்காமல் ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். ஒரு முனையைக் கண்ணுக்கு நேரே தூக்கி, துப்பாக்கியில் குறி பார்ப்பதுபோல நீளவாக்கில் பாருங்கள். அடுத்து வெட்டுமுனையைப் பாருங்கள். வளையங்களின் மையம் சதுரத்தின் நட்டநடுவில் இருந்தால் ஓரளவு நேராகக் காயும், வெடிப்பு மட்டும் வரும். மையம் ஓரத்தில் ஒதுங்கியிருந்தால் வைத்துவிடுங்கள், அதுதான் நாளைக்கு வில். முகத்தில் ஓடும் மெல்லிய வெடிப்புகள் நேராக ஓடாமல் தூணைச் சுற்றிச் சாய்வாக ஏறினால் அது முறுக்கப்போகும் மரம். மருந்தேற்றிய பிறகு சூளையில் காயவைத்த தூண் கிடைத்தால், விலை கூடினாலும் அதையே வாங்குங்கள்.

தூண் ஈரம் காயாமல் பச்சையாக இருந்தால் வாரக்கணக்கில் வெயிலில் போட்டுவைக்காதீர்கள். வாங்கிய ஓரிரு நாளில் பொருத்திவிட்டால், மேலும் கீழும் இரும்பு பிடித்திருக்க நேராகக் காய ஒரு வாய்ப்பு உண்டு.

போல்ட், ஸ்க்ரூ, காலணி எல்லாம் உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்ததாக இருக்கட்டும், அல்லது ஸ்டெயின்லெஸ். மருந்திலுள்ள செம்பு சாதா இரும்பைச் சீக்கிரம் அரித்துவிடும்.

முட்டுக் கொடுத்துத் தூக்குதல்

டெக்கின்மேல் இருக்கும் மேசை, நாற்காலி, பூந்தொட்டி, பார்பிக்யூ அடுப்பு எல்லாவற்றையும் இறக்குங்கள். அடுப்புக்கு வீட்டிலிருந்து கேஸ் குழாய் வந்தால், அது உத்திரத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டு, உத்திரம் உயரும்போது இழுபடுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடியும்வரை மேலே யாரும் ஏறக்கூடாது. குழந்தைகள் இருந்தால் சமையலறைக் கதவைப் பூட்டி, சாவியை உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

காலி டெக்கில் நீங்கள் உண்மையில் தூக்கப்போவது மரத்தின் எடையை மட்டும்தான். மேலே போட்ட கணக்குப்படி 300 பவுண்டு, ஏறக்குறைய 136 கிலோ, கொஞ்சம் கூடலாம். 6 டன் பாட்டில் ஜாக்கி தாராளமாகப் போதும். சறுக்குவதும் புதைவதும்தான் இங்கே ஆபத்து. முதல் முறை நான் ஜாக்கியை ஒற்றைப் பலகைமேல் வைத்து மண்ணில் நிறுத்தினேன். பம்ப் அடிக்க அடிக்க உத்திரம் எழும்பவில்லை, பலகை ஒரு பக்கமாக மண்ணுக்குள் இறங்கியது. சாய்ந்த முட்டு என் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. ஏப்ரல் மாதம், பனி உருகிய களிமண். அதனால்தான் இந்த வேலையை ஆகஸ்ட், செப்டம்பரில், மண் காய்ந்திருக்கும்போது செய்யச் சொல்கிறேன்.

தூணிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, இரண்டு பக்கமும் மண்ணை மட்டம் செய்யுங்கள். இரண்டு அடிச் சதுரத்துக்கு 2க்கு 10 பலகைத் துண்டுகளை ஓர் அடுக்கும், அதன்மேல் குறுக்காக இன்னோர் அடுக்கும் வையுங்கள். ஒரு பக்கம் ஜாக்கியும், அதன் தலையில் ஓர் இரும்புத் தகடும், அதன்மேல் முனைகளை மூலைமட்டம் வைத்துச் சதுரமாக அறுத்த 4க்கு 4 முட்டும் வரட்டும். முட்டின் மேல்முனை உத்திரத்திலிருந்து நழுவாதபடி இரண்டு பக்கமும் பலகைத் துண்டுகளை ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். முட்டு இரண்டு திசையிலும் செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

தூக்குவதற்கு முன் உத்திரத்தின் அடியிலிருந்து கான்கிரீட் காலில் குறித்த ஒரு புள்ளிவரை அளந்து எழுதுங்கள். இனி மெதுவாகப் பம்ப் அடியுங்கள். ஒரு பம்ப், நிறுத்தம், காது கொடுத்துக் கேட்பது, மறுபடி ஒரு பம்ப். மரம் முனகினால் பரவாயில்லை, படீரென்று சத்தம் வந்தால் நிறுத்துங்கள். 3 மில்லிமீட்டர் உயர்ந்தால் போதும். தூணின் தலைக்கும் உத்திரத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மேலே தூக்கினால் லெட்ஜர் சுவரிலிருந்து பிய்யப் பார்க்கும், கைப்பிடிக் கம்பிகள் நெளியும்.

அப்புறம் மிக முக்கியமான ஒன்று. ஜாக்கியை நம்பி அடியில் வேலை செய்யாதீர்கள். அதன் ரப்பர் வளையம் கசிந்தால் பாரம் சத்தமில்லாமல் இறங்கிவிடும். தூணின் மறுபக்கத்தில் திருகி உயர்த்தும் இரும்புத் தூண் ஒன்றை, அல்லது அளவாக அறுத்த மரமுட்டு ஒன்றை ஆப்பு அடித்து நிறுத்துங்கள். ஜாக்கியும் அதுவும் சேர்ந்து தாங்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு தூணுக்குத்தான் இதைச் செய்ய வேண்டும், எத்தனை கை உதவிக்கு இருந்தாலும்.

மாற்றுதல்

பழைய போல்ட்டுகளைக் கழற்றுங்கள், துருப்பிடித்துச் சுழலாதவற்றை அறுத்துவிடுங்கள். தூண் சுலபமாக வரவில்லையென்றால் இடுப்பளவில் குறுக்கே அறுக்கலாம். ரம்பத்தைத் தூண் கவ்விக்கொண்டால் பாரம் இன்னும் அதன்மேல் இருக்கிறது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்தி, முட்டுகளைத் திரும்பப் பாருங்கள். 2004க்கு முன் போட்ட டெக் என்றால் மரத்தில் ஆர்சனிக் கலந்த மருந்து இருக்க வாய்ப்பு அதிகம். முகமூடி போட்டு அறுங்கள், தூளைப் பெருக்கியெடுங்கள், துண்டுகளை எந்தக் காரணத்துக்கும் எரிக்காதீர்கள்.

பழைய தூண் கான்கிரீட்டுக்குள் புதைத்து ஊன்றப்பட்டிருந்தால் கதை நீளும். மேலே மட்டும் அறுத்து அந்தக் கட்டைமேல் புதுத்தூணை நிறுத்துவது வேண்டாம். உள்ளே இருப்பது மக்கும், பிடிமானமும் கிடையாது. புதிய கால் ஊற்றத்தான் வேண்டும், அதற்கு ஆளை வைத்துக்கொள்வதே நல்லது. கான்கிரீட் திடமாக இருந்தால், துளையிட்டு ஆங்கர் போல்ட் இறக்கி, தூணை ஓர் அங்குலம் உயர்த்திப் பிடிக்கும் இரும்புக் காலணியைப் பொருத்துங்கள். தூணின் அடி ஈரத்தில் நிற்காமலிருக்க அந்த ஓர் அங்குலம் போதும். 4க்கு 4-லிருந்து 6க்கு 6-க்கு மாறினால் காலணியும், தூணின் தலையை உத்திரத்தோடு பிடிக்கும் இரும்புத் தலைக்கவசமும் பெரிதாக வேண்டும் என்பதை மறந்து நான் இரண்டாம் முறை கடைக்கு ஓடினேன்.

புதுத்தூணின் நீளத்துக்குப் பழைய தூணை அளவாக வைக்காதீர்கள், அது வளைந்த தூண். காலணியின் மேல்தட்டிலிருந்து உத்திரத்தின் அடிவரை நேராக அளந்து, தலைக்கவசத்தின் தகடு கனத்தையும் உத்திரத்தை உயர்த்திய 3 மில்லிமீட்டரையும் கழித்துக்கொள்ளுங்கள். சாதா வட்ட ரம்பம் இரண்டரை அங்குல ஆழம்தான் வெட்டும். ஆகவே நாலு முகத்திலும் மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டு, நாலு பக்கமும் வெட்டி, நடுவில் மிஞ்சும் கட்டையைக் கை ரம்பத்தால் அறுக்க வேண்டும். மருந்து மரத்தின் உள்நடு வரை போயிருக்காது என்பதால், வெட்டிய முனைக்கு அதற்கான மருந்தைப் பிரஷ்ஷால் இரண்டு முறை பூசுங்கள். வெட்டிய முனை மேலே, தொழிற்சாலையிலிருந்து வந்த முனை கீழே. ஈரம் அதிகம் படுவது கீழேதான்.

தூணை நிறுத்தி, இரண்டு முகத்திலும் செங்குத்துப் பார்த்து, அடியிலும் தலையிலும் தற்காலிகமாக இரண்டிரண்டு ஸ்க்ரூ போடுங்கள். முதலில் பக்கத்து முட்டின் ஆப்பைத் தளர்த்துங்கள், பிறகு ஜாக்கியின் வால்வை நூலிழை அளவு திறந்து பாரத்தை இறக்குங்கள். மறுபடி செங்குத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் மீதிப் போல்ட்டுகளை ஏற்றுங்கள். உத்திரம் தூணின் தலைமேல் உட்கார்ந்திருக்க வேண்டும். தூணின் பக்கவாட்டில் போல்ட் மட்டும் பிடித்துத் தொங்கும் உத்திரம் என்றால், தூண் மாற்றும் இந்தச் சந்தர்ப்பத்திலேயே அதையும் தலைமேல் ஏற்றிவிடுங்கள்.

சாய்வு முட்டுக்கு 2க்கு 6 பலகை, 45 டிகிரி சாய்வில். உத்திரத்தடியிலிருந்து இரண்டடி கீழே தூணிலும், தூணிலிருந்து இரண்டடி தள்ளி உத்திரத்திலும், ஒவ்வொரு முனைக்கும் ஊடுருவிப் போகும் போல்ட்டும் வாஷரும். முதலில் சொன்ன ஊஞ்சலாட்டத்தை நிறுத்துவது இதுதான்.

பெயின்ட் அடிக்க அவசரம் வேண்டாம். மரத்தின்மேல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் இன்னும் ஈரம், உறிஞ்சிக்கொண்டால் ஸ்டெயின் என்ற மரச்சாயம் பூசலாம். அதற்கு ஒரு கோடை முழுதும்கூட ஆகும்.

அக்டோபரில், முதல் பனிக்கு முன்னால், ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி எல்லா நட்டையும் முடுக்குங்கள். மரம் சுருங்கியிருக்கும், நட்டு கையாலேயே அசையும். என் நடுத்தூணில் ஒவ்வொன்றும் முக்கால் சுற்று ஓடியது.